வாக்கு தவறுவது வீரரா, அணியா?

2024 மார்ச் மாதம் அமெரிக்கன் ஃபுட்பாலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின், பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி, அந்த அணியின் பரம வைரியான ஃபிலடெல்பியா ஈகிள்ஸில் சேர்ந்தார். மூன்று ஆண்டு ஒப்பந்தம், 3.775 கோடி டாலர். செய்தி வெளியானதும் ஜயன்ட்ஸ் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அதே அணியில் அதே இடத்தில் ஆடி ஓய்வுபெற்று, இப்போது வானொலியில் விளையாட்டு பேசும் டிக்கி பார்பர், இனி எங்களைப் பொறுத்தவரை நீ செத்தவன் என்கிற ரீதியில் பொரிந்து தள்ளினார். ஆறு சீசன் உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்துவிட்டார் பார்க்லி என்பதே ஊர்த் தீர்ப்பாக இருந்தது.

அந்த ஆண்டு ஜயன்ட்ஸ் அலுவலகத்துக்குள் ‘ஹார்ட் நாக்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடருக்காகக் கேமராக்கள் வைக்கப்பட்டிருந்தன. இல்லையென்றால் அந்தத் தீர்ப்பு அப்படியே நின்றிருக்கும். பொது மேலாளர் ஜோ ஷேன், வெளியே என்ன விலை கிடைக்கிறதென்று பார்த்துவிட்டு வரும்படி பார்க்லியை அனுப்பிவைத்தது ஊரறிய ஒளிபரப்பானது. பார்க்லி ஃபிலடெல்பியாவுக்குப் போனால் தனக்குத் தூக்கம் வருவது கடினம் என்று உரிமையாளர் ஜான் மாரா புலம்பியதும் ஒளிபரப்பானது. புலம்பியவர் பணப்பையை மட்டும் திறக்கவில்லை.

அந்த சீசனில் பார்க்லி 2,005 கெஜம் ஓடினார். ஒரே சீசனில் 2,000 கெஜத்தைத் தாண்டிய ஒன்பதாவது வீரர் அவர். 2025 பிப்ரவரி 9 அன்று, தன் 28-வது பிறந்தநாளில், கான்சஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்திய ஈகிள்ஸ் அணியோடு சூப்பர் பௌல் கோப்பையைத் தூக்கினார். மாராவின் தூக்கத்தைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அது கொஞ்சம் குரூரமாகத்தான் இருந்திருக்கும்.

பார்க்லியைத் துரோகி என்றவர்கள் மறந்த கதை ஒன்று உண்டு. அதற்கு முந்தைய ஆண்டே அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அப்போதே அவர் விருப்பப்பட்ட அணிக்குப் போயிருக்க வேண்டும். போக முடியவில்லை. ‘ஃப்ரான்சைஸ் டேக்’ என்று ஒரு முத்திரை இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த தன் வீரர்களில் ஒருவர் மீது ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கொரு முறை அதைக் குத்தலாம். குத்திவிட்டால், அவருடைய இடத்தில் ஆடுகிறவர்களின் உச்ச சம்பளங்களின் சராசரியை ஒட்டி ஓராண்டுச் சம்பளம் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளலாம். ஜயன்ட்ஸ் 2023-ல் சுமார் 1.01 கோடி டாலருக்கு அப்படித்தான் பார்க்லியை நிறுத்திவைத்தது. எலும்பு முறியும் ஆட்டத்தில், ஓராண்டுக்கு மேல் உறுதியில்லாமல், தன் உடம்பின் நல்ல வயதில் இன்னொரு வருடத்தை அவர் அந்த அணிக்கே செலவழித்தார். விசுவாசம் என்று யாராவது பேச வேண்டுமானால் இங்கேயிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும்.

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் நடுவில் திறக்கும் ஆட்டக்காரர் சந்தை, களத்தில் பந்தே உருளாத மாதங்களிலும் தலைப்புச் செய்தியாகிறது. ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஒரு வேறுபாடு உடனே புரியும். ஏலத்தில் சுத்தியல் விழுந்த அணிக்கு ஆட்டக்காரர் போய்த்தான் ஆக வேண்டும். இங்கே ஒப்பந்தம் முடிந்த வீரர் 32 அணிகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். அந்த உரிமை முதலாளிகள் மனமுவந்து தந்ததல்ல. நீதிமன்றத்தில் பிடுங்கப்பட்டது. பிடுங்கியவர்களில் பலருக்கு அதை அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஜான் மேக்கியிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. பால்டிமோர் கோல்ட்ஸின் டைட் எண்ட் ஆட்டக்காரர், வீரர்கள் சங்கத்தின் தலைவர். அவர் காலத்தில் ‘ரோசெல் விதி’ என்று ஒன்று இருந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரரை இன்னோர் அணி எடுத்துக்கொண்டால் பழைய அணிக்கு இழப்பீடு தர வேண்டும். இரு அணிகளும் உடன்படாவிட்டால் இழப்பீடாக எந்த வீரரை, புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்டில்’ எந்த வாய்ப்பைத் தருவது என்பதை லீக் ஆணையர் பீட் ரோசெல்லே முடிவுசெய்வார். கடையில் சரக்கை எடுத்த பிறகு விலையை வேறொருவர் சொல்வார் என்றால் எவர் வாங்குவார்? வாங்கியவர்கள் மிகச் சிலரே. மேக்கி வழக்குத் தொடுத்தார். 1975-ன் கடைசியில் மினியாபொலிஸ் நீதிபதி ஏர்ல் லார்சன் அந்த விதி சட்டவிரோதம் என்றார்; அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

வென்றதை மேசையில் கோட்டைவிட்டார்கள். 1977-ல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் வேறொரு வடிவத்தில் இழப்பீட்டைச் சங்கமே ஏற்றுக்கொண்டது. அடுத்த பத்து ஆண்டுகளில் அணி மாறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1987-ல் வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் தெருவில் போனவர்களையெல்லாம் சேர்த்து மாற்று அணிகளை இறக்கி மூன்று வாரம் ஆட்டம் நடத்தினார்கள். தொலைக்காட்சியும் காட்டியது. ஜோ மான்டானா உட்பட நட்சத்திரங்கள் சிலரே போராட்டக் கோட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். 24 நாளில் போராட்டம் படுத்துவிட்டது.

அதன் பிறகு சங்கம் எடுத்த முடிவு தொழிற்சங்க வரலாற்றில் அபூர்வமானது. சங்கம் என்று ஒன்று இருக்கிறவரை முதலாளிகளுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்னதால், 1989-ல் அது தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. இனிமேல் தனித்தனி வீரர்கள் வழக்குப் போடலாம். முதலாளிகள் அதற்குச் சற்று முன்பே ‘பிளான் பி’ என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்திருந்தார்கள்: ஒவ்வோர் அணியும் 37 பேரைப் பூட்டிவைத்துக்கொள்ளும், மிச்சமிருப்பவர்கள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். நல்லவர்கள் உள்ளே, நாற்பதாவது ஆள் வெளியே. சுதந்திரத்தின் பெயரால் இதைவிடச் சாமர்த்தியமாக யாரும் கஞ்சத்தனம் செய்ததில்லை.

நியூயார்க் ஜெட்ஸின் ஃப்ரீமன் மக்நீல் பெயரில் நடந்த வழக்கில் 1992 செப்டம்பரில் மினியாபொலிஸ் ஜூரி அந்தத் திட்டத்தை உடைத்தது. 1993 மார்ச் 1 முதல் சந்தை திறந்தது. மக்நீல் அதற்குள் தன் கடைசி சீசனை ஆடி முடித்திருந்தார். மேக்கிக்குப் புகழரங்கில் இடம் கிடைத்தது அதே 1992-ல்தான். தகுதி பெற்ற பதினைந்தாவது, அதாவது கடைசி, ஆண்டில். பிற்காலத்தில் மறதி நோய் அவரை வீழ்த்தியது. மூளை பாதித்த முன்னாள் வீரர்களைப் பராமரிப்பதற்கான உதவித் திட்டத்துக்கு அவருடைய சட்டை எண்ணை வைத்து ‘88 திட்டம்’ என்று பெயரிட்டார்கள். 2011-ல் இறந்துபோனார்.

திறந்த சந்தையின் முதல் மாப்பிள்ளை ரெஜி ஒயிட். ஃபிலடெல்பியாவின் தற்காப்பு வரிசையில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் எதிரிக் குவார்ட்டர்பேக்குகளுக்குச் சிம்மசொப்பனமாக இருந்தவர், திருச்சபை போதகரும்கூட. அவர் பெரிய நகரம் ஒன்றுக்குத்தான் போவார் என்று எல்லோரும் கணக்குப் போட்டிருக்க, அவர் தேர்ந்தெடுத்ததோ ஒரு லட்சம் பேர் வாழும் குளிர்பிடித்த சிற்றூர் கிரீன் பே. நான்கு ஆண்டுக்கு 1.7 கோடி டாலர். எங்கே போவது என்பதைக் கடவுள் சொல்வார் என்று அவர் பேட்டிகளில் சொல்லிவந்ததைக் கேட்ட கிரீன் பே பேக்கர்ஸ் பயிற்சியாளர் மைக் ஹோம்கிரன், ‘கடவுள் பேசுகிறேன், கிரீன் பேக்கு வா’ என்று அவருடைய தொலைபேசியில் குரல் பதிவு வைத்த கதை இன்றும் சிரித்துச் சொல்லப்படுகிறது. 1997 ஜனவரியில் பேக்கர்ஸ் சூப்பர் பௌலை வென்றபோது அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் எதிரிக் குவார்ட்டர்பேக்கை மூன்று முறை வீழ்த்தினார் ஒயிட்.

சந்தையைத் திறந்த முதலாளிகள் அதற்கு ஒரு கூரையும் போட்டார்கள். 1994 முதல் சம்பள உச்சவரம்பு வந்தது: ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்குமாகச் செலவழிக்கக்கூடியது அந்த ஆண்டு 3.46 கோடி டாலர். 2025-ல் அது 27.92 கோடி. இந்த வரம்பு இருப்பதால்தான் கிரீன் பே போன்ற சிற்றூர் நியூயார்க்கோடு போட்டியிட முடிகிறது என்பது வழக்கமான வாதம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, தொலைக்காட்சிப் பணத்தை 32 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்வதில் இருக்கிறது. அந்தப் பணம் சாதாரணமானதல்ல. 2021-ல் கையெழுத்தான ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மதிப்பு பத்தாயிரம் கோடி டாலருக்கும் மேல்.

மார்ச் சந்தையின் நடைமுறையைப் பார்த்தால் சிரிப்பு வரும். புதிய ஆண்டு புதன்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்குகிறது. அதற்கு 52 மணி நேரம் முன்பாக, திங்கள் பகல் 12 மணிக்கு, அணிகள் வீரர்களின் ஏஜென்ட்டுகளோடு பேச அனுமதி. அதற்கு முன் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களுக்குள் நான்கு ஆண்டு, பல கோடி டாலர் ஒப்பந்தங்கள் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்துகொட்டும். இவ்வளவு வேகமாகப் பேரம் பேச எந்தக் கொத்தவால் சாவடி வியாபாரியாலும் முடியாது. முன்கூட்டிப் பேசாத அணி இல்லை. மாட்டிக்கொண்ட அணிகள்தான் உண்டு. 2024-ல் கர்க் கசின்ஸை எடுத்த அட்லாண்டா ஃபால்கன்ஸ் அப்படி மாட்டியது. 2.5 லட்சம் டாலர் அபராதமும் ஒரு ஐந்தாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பும் போயின. அந்த அணியின் அளவுக்கு அது டீச் செலவு.

கசின்ஸின் கதையே தனி. நான்கு ஆண்டு, 18 கோடி டாலர் என்று தலைப்புச் செய்தி. அதில் உத்தரவாதமானது 10 கோடி. கையெழுத்திட்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. டிராஃப்டின் எட்டாவது வாய்ப்பில் அதே அணி மைக்கேல் பெனிக்ஸ் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்துக்கொண்டது. டிசம்பரில் கசின்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

என்.எஃப்.எல். ஒப்பந்தத்தில் படிக்க வேண்டியது தலைப்பிலுள்ள எண்ணை அல்ல, உத்தரவாதத் தொகையை. பேஸ்பாலிலும் கூடைப்பந்திலும் ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் பெரும்பாலும் ஐந்தாண்டுப் பணம். இங்கே வழக்கமாக முதல் இரண்டு ஆண்டு மட்டும் கெட்டி. மூன்றாவது ஆண்டு முதல் அணிக்கு மனமிருந்தால் உண்டு, இல்லையென்றால் ஒரு காகிதத்தில் ‘விடுவிக்கப்பட்டார்’ என்று எழுதினால் போதும். 2009-ல் ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த்தை வாஷிங்டன் ஏழு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு எடுத்ததாக ஊரே பேசியது. உடற்தகுதிச் சோதனையில் தேறாமல், பயிற்சியாளரோடு சண்டைபோட்டு, இரண்டே ஆண்டில் ஓர் ஐந்தாம் சுற்று வாய்ப்புக்குப் பண்டமாற்றாக வெளியேறினார். அவரைத் தற்காத்துப் பேச யாருக்கும் வாய் வராது. ஆனால் அந்த ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு முதலிலிருந்தே அலங்காரம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வீரர் ஒப்பந்தத்தை மதிக்காவிட்டால் பேராசை என்கிறோம். அணி மதிக்காவிட்டால் அதற்கு ‘உச்சவரம்பு நிர்வாகம்’ என்று பெயர்.

டென்வர் பிராங்கோஸ் 2022-ல் ரஸல் வில்சனுக்கு எழுதிக்கொடுத்தது சுமார் 24 கோடி டாலர் மதிப்புள்ள ஐந்தாண்டு நீட்டிப்பு. அடுத்த ஆண்டே, அவர் காயம்பட்டால் தர வேண்டிய 3.7 கோடி டாலர் உத்தரவாதத்துக்கான தேதியைத் தள்ளிப்போட அணி அவரைக் கேட்டது. சம்மதிக்காவிட்டால் பெஞ்சில் உட்காரவைப்போம் என்றும் சொன்னதாக வில்சனே செய்தியாளர்களிடம் போட்டு உடைத்தார். கடைசி இரண்டு ஆட்டங்களில் அவர் பெஞ்சில்தான் இருந்தார். 2024 மார்ச்சில் வெளியே அனுப்பப்பட்டார். ஏற்கெனவே கொடுத்த, கொடுத்தே ஆக வேண்டிய பணமாக 8.5 கோடி டாலர் டென்வரின் வரவு செலவுக் கணக்கில் இரண்டு ஆண்டு பிணமாகக் கிடந்தது. உத்தரவாதம் மட்டும் இல்லாதிருந்தால் அது ஒரு நாள் செய்தியாக முடிந்திருக்கும். அணியைக் கட்டிப்போடக்கூடிய கயிறு அது ஒன்றுதான்.

முதலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும். 2022 மார்ச்சில் கிளீவ்லாந்து பிரௌன்ஸ், குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனுக்கு 23 கோடி டாலரை முழுக்க முழுக்க உத்தரவாதமாகக் கொடுத்தது. அவர் மீது இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் அத்துமீறல் குறித்துச் சிவில் வழக்குத் தொடுத்திருந்த நேரம்; கிரிமினல் குற்றச்சாட்டு பதிவாகவில்லை, லீக் பின்னர் 11 ஆட்டங்களுக்கு அவரைத் தடைசெய்தது. இப்படிப்பட்ட ஒருவருக்காக பிரௌன்ஸ் வளைந்துகொடுத்ததைக் கண்டித்தவர்கள் பலர். சக முதலாளிகளை உறுத்தியது ஒழுக்கமல்ல, உத்தரவாதம். பால்டிமோர் ரேவன்ஸ் உரிமையாளர் ஸ்டீவ் பிஷாட்டி, முழுத் தொகையையும் உறுதிசெய்திருக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். அவருக்கு வருத்தப்படக் காரணம் இருந்தது: அவருடைய குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் அடுத்து வரிசையில் நின்றார்.

ஏஜென்ட் வைத்துக்கொள்ளாமல் தானே பேரம் பேசும் ஜாக்சன், லீக்கின் சிறந்த வீரர் விருதை ஏற்கெனவே வாங்கியவர். 2023 மார்ச்சில் ரேவன்ஸ் அவர் மீது முத்திரை குத்தியது, ஆனால் தளர்வான வகையில். இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளைத் தரத் தயாராக இருந்தால் எந்த அணியும் அவருக்கு ஒப்பந்தம் நீட்டலாம். குவார்ட்டர்பேக் பஞ்சத்தில் தவித்த அணிகள் பல இருந்தன. ஒன்றுகூட ஒப்பந்தம் நீட்டவில்லை. கடைசியில் ரேவன்ஸிலேயே ஐந்தாண்டுக்கு 26 கோடிக்குக் கையெழுத்திட்டார், உத்தரவாதம் 18.5 கோடி. அந்த சீசனிலேயே சிறந்த வீரர் விருதை இரண்டாம் முறையாகப் பெற்றார்.

இது தற்செயலா? பின்னர் மீண்டும் உயிர்பெற்றிருந்த சங்கம் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2025 ஜனவரியில் நடுவர் கிறிஸ்டஃபர் ட்ரோனி தந்த தீர்ப்பு விசித்திரமானது. உத்தரவாதத் தொகைகளைக் குறைக்கும்படி லீக் தலைமை அணிகளைத் தூண்டியது என்பதை அவர் ஏற்றார். அணிகள் கூடிப்பேசி அதன்படி நடந்தன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று வழக்கைத் தள்ளினார். இதைவிட விசித்திரம், அந்தத் தீர்ப்பை லீக் மட்டுமல்ல, வழக்குப்போட்ட சங்கமும் வெளியே சொல்லாமல் வைத்திருந்தது. பாப்லோ டோரே என்ற பத்திரிகையாளர் ஜூன் மாதம் அதை அம்பலப்படுத்திய பிறகே வீரர்களுக்கு விவரம் தெரிந்தது. வேறு சர்ச்சைகளும் சேர்ந்துகொள்ள, சங்கத்தின் செயல் இயக்குநர் லாயிட் ஹவல் ஜூலையில் பதவி விலகினார். மேக்கி தலைமை தாங்கிய சங்கம் இது என்பதை நினைத்தால் மனம் கசக்கத்தான் செய்கிறது.

சந்தையில் பெரும்பணம் கொட்டினால் கோப்பை வந்துவிடும் என்பதும் இல்லை. 2011-ல் நட்சத்திரங்களை அள்ளிக்கட்டிய ஃபிலடெல்பியாவை அதன் மாற்று குவார்ட்டர்பேக் வின்ஸ் யங் ‘கனவு அணி’ என்று வர்ணித்தார். எட்டு வெற்றி, எட்டுத் தோல்வியோடு கனவு கலைந்தது. உண்மையான லாபம், மற்றவர்கள் கழித்துப்போட்டதை எடுத்தவர்களுக்கே. 2006-ல் தோள்மூட்டு கிழிந்து நின்ற ட்ரூ ப்ரீஸை மயாமி மருத்துவர்கள் தேறமாட்டார் என்று கைவிட்டார்கள். கத்ரீனா புயலில் ஊரே முழுகிக் கிடந்த நியூ ஆர்லியன்ஸ் அவரை ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் அழைத்துக்கொண்டது. 2010-ல் அந்த ஊருக்கு முதல் சூப்பர் பௌலை வாங்கிக்கொடுத்தார். மயாமியின் பயிற்சியாளர் நிக் சேபன் அந்த சீசனோடு தொழில்முறை ஆட்டத்தை விட்டு அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே ஆறு தேசியப் பட்டங்கள் வென்றார். ஒரு தோள்மூட்டு ஸ்கேன் இரண்டு மாநிலங்களின் விளையாட்டு வரலாற்றை மாற்றிவிட்டது.

இவையெல்லாம் நட்சத்திரங்களின் கதைகள். சந்தையின் வாசலையே பார்க்காதவர்கள் அவர்களைவிட அதிகம். டிராஃப்டில் வரும் வீரரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. நான்கு சீசன் முடித்தவருக்கே கட்டற்ற உரிமை. ஒரு வீரர் இந்த லீக்கில் சராசரியாக 3.3 ஆண்டுதான் தாக்குப்பிடிக்கிறார் என்பது நெடுங்காலமாகச் சங்கம் சொல்லிவரும் கணக்கு. முதல் சீசன் தொடக்கத்திலேயே அணியில் இடம்பிடித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு கூடும் என்று லீக் மறுக்கிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும், உடம்பு ஓய்ந்த பிறகு வரும் சுதந்திரம் பலருக்கு வெறும் தேதிதான். ரன்னிங் பேக்குகளின் நிலை இன்னும் மோசம். இரண்டாம் முறை குத்தப்பட்ட முத்திரையை மறுத்து 2018 சீசன் முழுவதும் வீட்டில் இருந்த லெவியான் பெல் 1.45 கோடி டாலரை இழந்தார். அடுத்த ஆண்டு ஜெட்ஸ் தந்த பெரிய ஒப்பந்தம் இரண்டாவது சீசன் பாதியிலேயே முடிந்துபோனது.

முழு உத்தரவாதம் தர முடியாது என்பதற்கு முதலாளிகள் சொல்லும் காரணங்களில் ஒன்று, வருங்கால உத்தரவாதத் தொகையை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுவைக்க வேண்டும் என்ற விதி. அணிகள் சம்பளம் கொடுக்க முடியாமல் திவாலாகலாம் என்று பயந்த காலத்தில், வீரர்களைக் காப்பாற்ற எழுதப்பட்ட விதி அது. இன்று எந்த அணியும் சில நூறு கோடி டாலருக்குக் குறைந்து விலைபோகாது. காவலுக்கு வைத்த விதியே கதவைச் சாத்த உதவுகிறது. இரண்டாவது காரணம் காயங்கள். 53 பேர் கொண்ட அணியில் எப்போதும் சிலர் காயத்தில் இருப்பார்கள், எல்லோருக்கும் நீண்டகால உத்தரவாதம் தந்தால் தாங்காது என்கிறார்கள். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அபாயம் இருக்கிறது என்பதால் அதை முழுக்க வீரரின் முழங்கால் மீதே ஏற்றிவைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

2020-ல் கூட்டு ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது 1,019 பேர் ஆதரித்தார்கள், 959 பேர் எதிர்த்தார்கள். 60 வாக்கு வித்தியாசத்தில் 17-வது ஆட்டம் வந்தது. குறைந்தபட்சச் சம்பளம் உயர்ந்தது, வருவாய்ப் பங்கு சற்றுக் கூடியது; உத்தரவாதம் இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது முதலாளிகள் 18-வது ஆட்டம் கேட்கிறார்கள். அவர்களுக்கு அது தொலைக்காட்சிப் பணம், வீரர்களுக்கு இன்னொரு வார அடி. சங்கத்தின் கையில் இதைவிடப் பெரிய துருப்புச்சீட்டு சமீப காலத்தில் வந்ததில்லை. அதைச் சம்பள உயர்வுக்கு விற்றால் 1977-ல் செய்த தவறையே மறுபடி செய்ததாகும். விற்க வேண்டிய விலை இரண்டு: எழுதிய ஆண்டுகளுக்கெல்லாம் பணம், ஃப்ரான்சைஸ் டேக்குக்கு முடிவு. இப்போதைய ஒப்பந்தம் 2030 சீசனோடு காலாவதியாகிறது.